பலாலிக்கு ஒரு மணி நேரம்

"அப்பிடியோ" என்று மட்டும்தான் மலர் சொன்னாள். விமானத்தின் இறக்கையில் இருந்த கறுப்பு விசிறி மெல்லச் சுழலத் தொடங்கி, பிறகு சுழல்வதே தெரியாமல் வெறும் சாம்பல் வட்டமாக ஆனபோதும் தவராசாவின் காதுக்குள் அந்தச் சொல்தான் இருந்தது. போன மாதம் தொலைபேசியில் எவ்வளவு ஆசையாக அவளிடம் சொன்னார், திருச்சியிலிருந்து நேரே பலாலிக்கு விமானம் விடுகிறார்களாம், இனிக் கொழும்பைச் சுற்றத் தேவையில்லை, ஒரு மணித்தியாலம்தானாம் என்று. நாலு வருசமாகப் பிரிந்திருக்கிற மனைவி அதைக் கேட்டால் என்ன சொல்வாள்? உண்மையாவோ என்பாள். எப்ப வாறியள் என்பாள். பொய்க்காவது ஒரு சிரிப்புச் சிரிப்பாள். மலர் கொஞ்ச நேரம் ஒன்றுமே பேசவில்லை. அந்த இடைவெளியில்தான் தூரத்தில் யாரோ இருமினார்கள். அடித்தொண்டையிலிருந்து வந்த, கரகரத்த இருமல். ஆம்பிளை இருமல். அது அடங்கிய பிறகுதான் அந்த அப்பிடியோ வந்தது. "ஆர் அங்க?" என்று கேட்டார். "ஒருத்தருமில்லை" என்றாள். ஒருத்தருமில்லாத வீட்டில் இருமுவது யார்? அன்றைக்கு மட்டும் என்றால் விட்டுவிடலாம். இரண்டு வருசமாக அந்த இருமல் அவருடைய காதில் விழுந்துகொண்டிருக்கிறது. சில நாள் பேச்சுத் தொடங்கும்போதே வரும், சில நாள் வைக்கப்போகும் நேரம் பார்த்து வரும். ஒவ்வொரு தடவையும் ஆர் அங்க என்று கேட்பார், ஒவ்வொரு தடவையும் ஒருத்தருமில்லை என்பாள். பிறகு பெயின்ற் வேலைக்குப் போன இடத்தில், சாரத்தில் ஏறி நின்று ஒரு வீட்டுச் சுவருக்குப் பட்டி பூசிக்கொண்டிருக்கும்போது அவர் அந்த அப்பிடியோவைப் பல விதமாகச் சொல்லிப் பார்த்தார். ஆச்சரியமாகச் சொன்னால் கடைசி எழுத்து மேலே போகும். அலட்சியமாகச் சொன்னால் நடு எழுத்து அழுந்தும். மலர் சொன்னது இரண்டுமில்லை. அறைக் கதவை யாரோ திடீரென்று தட்டினால் உள்ளே இருப்பவர் திடுக்கிட்டுக் குரல் கொடுப்பதைப் போல இருந்தது அது.

"பெல்ற்றைப் போடுங்கோ அண்ணை" என்றார் பக்கத்தில் இருந்தவர். நாற்பத்தைந்து வயது இருக்கும். காலுக்குக் கீழே துணிப் பொதி ஒன்றை அழுத்தி வைத்திருந்தார். தன்னுடைய பெயர் அன்ரன், குருநகர், திருச்சியில் சேலை எடுத்துக்கொண்டு போய் யாழ்ப்பாணத்தில் விற்கிறவர் என்று கேட்காமலே சொன்னார். கேட்காமலே சொல்கிற ஆட்களைத் தவராசாவுக்கு ஒருபோதும் பிடிக்காது. கேட்காமல் சொல்கிறவன் பதிலுக்கு எதையோ பிடுங்கத்தான் சொல்கிறான். அதேபோல உடனே அடுத்த கேள்வி வந்தது: "அண்ணைக்கு எந்த இடம்?" எதற்காக இவனுக்கு என்னுடைய இடம்? மயிலிட்டி என்று சொன்னால் எந்த வருசம் ஊரை விட்டு வெளிக்கிட்டீர்கள் என்பான், தொண்ணூறு என்றால் எந்த அகதி முகாம் என்பான், முகாம் என்றால் தனியாகவா போகிறீர்கள், வீட்டுக்காரி எங்கே என்பான். "சுன்னாகம்" என்றார் தவராசா. அவருக்குச் சுன்னாகத்தில் ஒரு நாயைக்கூடத் தெரியாது. அன்ரன் நல்லது என்பதுபோல் தலையை ஆட்டிவிட்டு, முதல்தரமாகப் பறக்கிறீர்களா என்று கேட்டார். பயப்பட ஒன்றுமில்லை, ஏறினதும் தெரியாது இறங்கினதும் தெரியாது, மொத்தமே இருநூறு கிலோமீற்றர்கூட வராது என்றார். "திருச்சியில பஸ் ஏறி மதுரை போய், இன்னும் கொஞ்சம் தாண்டினா எவ்வளவு வரும், அவ்வளவுதான் அண்ணை." மதுரையா? தவராசா மதுரைக்கு எத்தனையோ தடவை போயிருக்கிறார், பெயின்ற் வேலைக்கு. காலையில் போய் இரவு திரும்பியிருக்கிறார். முப்பத்தைந்து வருசமாகக் கடலுக்கு அப்பால், எட்டாத இடத்தில் இருந்த ஊர், மதுரைக்குக் கொஞ்சம் அந்தப்பக்கம். இந்த ஆள் ஏதோ மறைக்கிறான் என்று தோன்றியது. அல்லது இத்தனை வருசமும் மற்ற எல்லாரும் சேர்ந்து மறைத்திருக்க வேண்டும்.

விமானம் ஓடத் தொடங்கியது. முதுகை யாரோ பிடித்து இருக்கையோடு அழுத்தியதைப் போலிருந்தது, பிறகு கீழே திருச்சி. பொட்டல், வீட்டுத் திட்டுகள், மொட்டை மாடிகளில் கறுப்புத் தண்ணீர்த் தொட்டிகள். இவற்றில் எத்தனை சுவருக்கு அவர் கை பட்டிருக்கும். ஆனால் மனம் அங்கே நிற்காமல் ஒரு கணக்கில் போய்ச் சிக்கிக்கொண்டது. இருநூறு கிலோமீற்றர். விமானம் எவ்வளவு வேகம் போகும் என்று மருமகனிடம் கேட்டபோது, சின்ன பிளேன்தான் மாமா, ஐந்நூறு போகும் என்றிருந்தான். ஐந்நூறு போகிற ஒன்று இருநூறைக் கடக்க எவ்வளவு நேரம் வேண்டும்? அரை மணிகூட வேண்டாம். அப்படியென்றால் ரிக்கெற்றில் ஏன் ஒரு மணித்தியாலத்துக்கு மேலே போட்டிருக்கிறார்கள்? மிச்ச நேரம் எங்கே போகிறது? கணக்கு அவரை விடவில்லை. விரலை மடக்கிப் பார்த்தார், திரும்பவும் மடக்கினார். கடைசியில் வெட்கத்தை விட்டு அன்ரனிடம் கேட்டுவிட்டார். அன்ரன் சிரித்தார். "ஏறவும் இறங்கவும்தான் அண்ணை நேரம். ஓடுபாதைக்கு உருட்டிக்கொண்டு போகவேணும், காத்தடிக்கிற பக்கம் பாத்துத் திரும்பி வர வேணும். நடுவில நேரா பறக்கிறது கொஞ்சம்தான்." பதில் சரியாகத்தான் இருந்தது. சரியான பதிலிலும் தவராசாவுக்கு மனம் ஆறுவதில்லை, அது அவருடைய பழக்கம். மிச்ச நேரம் எங்கே போனது. இந்தக் கேள்வியை அவர் வேறு எங்கோ கேட்டிருக்கிறார். பல தடவை கேட்டிருக்கிறார். முகாமில், பத்தடிக்குப் பத்தடி அறையின் வாசலில் நின்று. குழாயடி எவ்வளவு தூரம், கூப்பிடு தூரம். போய் ஒரு குடம் நிறைத்து வர எவ்வளவு நேரம்? வரிசையில் ஆள் நின்றாலும் இவ்வளவுதான். மலர் அதைவிடக் கூட எடுத்திருந்தால் மிச்ச நேரம் எங்கே? ரேஷன் கடைக்குப் போய் வர இவ்வளவு, ஆஸ்பத்திரிக்குப் போய் வர இவ்வளவு, பஸ் தாமதமென்றால் அதற்கு இவ்வளவு. அவள் முதலில் சிரித்துக்கொண்டு சொல்வாள், குழாயடியில் தேவகி அக்காவோடு கதைச்சனான் என்று. பிறகு சிரிக்காமல் சொன்னாள். பிறகு அவர் கேட்பதற்கு முன்பே, செருப்பைக் கழற்றும்போதே, பஸ் பிந்தி வந்தது, கடையில் சனம், வழியில் ஒருத்தரையும் காணவில்லை என்று தானாகவே ஒப்புவித்தாள். அது அவருக்கு நிம்மதியாக இருந்ததா? இல்லை. கேட்காமலே சொல்கிறவர்களை அவருக்குப் பிடிக்காது. ஏன் கேட்பதற்கு முன்பே சொல்கிறாள் என்று அதிலும் ஒரு முள் இருந்தது.

நான் மட்டுமா கேட்டேன் என்று அவர் தனக்குள்ளேயே யாருக்கோ பதில் சொன்னார். முகாமில் எல்லாருமே கேட்டார்கள். செக்கிங் நாளில் குடும்பத்தோடு வரிசையில் நின்று தலையைக் காட்ட வேண்டும். ஒருவர் குறைந்தால் எங்கே போனார், ஏன் போனார், யார் வீட்டுக்கு. வெளியூர் வேலைக்குப் போனால் முகாம் வாசல் காவலில் சொல்லிவிட்டுப் போக வேண்டும், பொழுதுபட்டு வந்தால் ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்பார்கள். வாலிப வயதில் ஒரு நாள் பஸ்ஸைத் தவறவிட்டு மறுநாள் காலையில் வந்த குற்றத்துக்கு, அவர் எங்கே படுத்தார் என்பதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது. நாலாவது தரம் சொல்லும்போது தான் சொல்வது பொய்யோ என்று அவருக்கே ஐயம் வந்துவிட்டது. அப்படி ஒருவன் பல வருசம் இருந்தால் அவனும் கேட்கத்தான் செய்வான். அவனுக்கு யாரைக் கேட்க முடியும்? வாசலில் நிற்கிறவரையா கேட்க முடியும்?

ஜன்னலுக்குக் கீழே கரை முடிந்து கடல் வந்தது. தவராசா முகத்தைத் திருப்பிக்கொண்டார், பிறகு திரும்பிப் பார்த்தார். மேலிருந்து பார்க்கக் கடல் அசையாமல் கிடந்தது. தார்ப்பாயை விரித்துப்போட்ட மாதிரி, வெள்ளைக் கோடுகளோடு. இதுதானா அது? மன்னாரிலிருந்து படகில் வந்தபோது இதே கடல்தான் ஆளுயரத்துக்கு எழும்பி வந்து முகத்தில் அறைந்தது. மலருக்கு அப்போது வயிற்றில் ஐந்து மாதம். குடித்த தண்ணீரையும் சத்தி எடுத்து எடுத்து அவள் அவருடைய தோளிலேயே கிடந்தாள். விடியும்போது படகோட்டி, இதுதான் இந்தியா, இறங்குங்கோ, நேரே நடந்தால் ரோட்டு வரும் என்றான். இறங்கினார்கள். படகு போய்விட்டது. நேரே நடந்தார்கள். நடந்த கொஞ்சத்திலேயே திரும்பவும் கடல் வந்தது. வலப்பக்கம் நடந்தார்கள், அங்கேயும் கடல். அது இந்தியா அல்ல, நடுக்கடலில் கிடந்த மணல்திட்டு. பதினாலு பேர், நிழல் இல்லை, தண்ணீர் இல்லை. மத்தியானம் தாண்டி மீன்பிடிக்க வந்தவர்கள் கண்டு ஏற்றிக்கொண்டு போகும்வரை மலரின் தலைக்கு மேல் அவர் தான் உடுக்கிற சறத்தை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டே நின்றார். அவள் நிமிர்ந்து பார்த்து, "கை நோகுமப்பா, இறக்குங்கோ" என்றாள். இறக்கவில்லை. அன்றிலிருந்து இவ்வளவு தூரம், இவ்வளவு நேரம் என்று யார் சொன்னாலும் அவர் நம்புவதில்லை. அந்த மனிதன் எங்கே போனான், சறம் பிடித்தவன்? அவன்தானே பிறகு குழாயடிக்கு நேரம் பார்த்தவனும். இரண்டும் ஒரே ஆள்தான் என்பது அவருக்கு இப்போது, விமானம் ஒரு குலுக்குக் குலுக்கியபோது, ஏனோ பயத்தைக் கொடுத்தது. காவலுக்கு நிற்பதும் நிழலுக்கு நிற்பதும் எந்த இடத்தில் மாறிப்போனது என்று யோசிக்கப் பார்த்தார். அந்த இடம் அகப்படவில்லை. மனம் நழுவி மறுபடியும் இருமலுக்கே வந்தது.

இருமுகிறவனுக்கு என்ன வயது இருக்கும்? சுருட்டுக் குடிக்கிறவனாக இருக்க வேண்டும். மலர் அளவெட்டியில் தாயின் வீட்டில் இருக்கிறாள், இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுக்கிறாள். தாய் பாயில் விழுந்துவிட்டாள் என்றுதான் போனாள், இங்கிருந்து போனால் திரும்பி வர முடியாது என்று தெரிந்தே போனாள். நான் முன்னால போறன், நீங்கள் அலுவலை முடிச்சுக்கொண்டு வாங்கோ என்றாள். தாய் மூன்று மாதத்தில் செத்துப்போனாள். அதற்குப் பிறகு வாங்கோ என்ற சொல் மெல்ல மெல்ல நின்றுபோனது. மழைக்காலம், கூரை ஒழுகுது, இப்ப வராதேங்கோ. பிறகு, சாமான் விலை ஏறிக் கிடக்கு, இப்ப வராதேங்கோ. அவரும் சும்மா இருக்கவில்லை, அனுமதிப் பத்திரம் கிடைக்கவில்லை, மகள் நிரோஜினிக்குப் பிள்ளைப்பேறு, கொழும்புக்குப் போய் அங்கிருந்து பஸ்ஸில் போக உடம்பு தாங்காது, இரண்டு நாள் பயணம் என்று சொல்லிக்கொண்டே வந்தார். இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து அந்தத் தூரத்தை நடுவில் தொங்கவிட்டிருந்தார்கள். அது ஒரு மணித்தியாலமாகச் சுருங்கும் என்று இரண்டு பேருமே நினைக்கவில்லை. இவர் ஏன் போகாமல் இருந்தார்? அதை நினைக்கப் பிடிக்கவில்லை. போனால் தெரிந்துவிடும், அதுதான். போகாதவரைக்கும் இருமலை இருமலாகவே வைத்துக்கொள்ளலாம். இப்போது நிரோஜினிதான் தள்ளிவிட்டாள். "ஒரு மணி நேரம்தாம்பா, போயிட்டு அம்மாகூட இருங்க" என்று திருச்சித் தமிழில் சொல்லி, மருமகனைக்கொண்டு ரிக்கெற் எடுத்துவிட்டாள். ஏன் அவ்வளவு அவசரம்? விமான நிலையத்தில் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று கையசைத்தபோது அவள் அழுதாள்தான், ஆனால் அழுகைக்குக் கீழே ஏதோ ஒன்று இளகியதை அவர் கண்டார். பாரத்தை இறக்கிவைத்தவளின் முகம். தாயும் மகளும் தினமும் பேசுகிறார்கள். இவர் அறைக்குள் வந்தால் நிரோஜினி குரலைத் தணிப்பாள். எல்லாருக்கும் தெரிந்த ஒன்று தனக்கு மட்டும் தெரியாது என்று அவருக்கு உறுதியாகப் பட்டது. இந்த அன்ரனுக்குக்கூடத் தெரிந்திருக்கலாம்.

"தெரியுது பாருங்கோ" என்றார் அன்ரன். தவராசா திடுக்கிட்டார். அன்ரன் ஜன்னலைத்தான் காட்டினார். கடலுக்குள் தட்டையான தீவுகள், வெளிறிய பச்சை, பிறகு கரை, பிறகு பனைகள். விமானம் ஒரு பக்கமாகச் சரிந்து திரும்பியது. சிவந்த மண், நாலாபக்கமும் வேலி அடைத்த தோட்டங்கள், கூரையில்லாத வீடுகள் சில, அவற்றின் நடுவிலிருந்து மரம் எழும்பி நின்றது. இதற்குள் எங்கேயோ மயிலிட்டி. கண்ணில் தண்ணீர் வரும் என்று எதிர்பார்த்தார், வரவில்லை. சக்கரம் தரையில் மோதியது. அன்ரன் கைபேசியைப் பார்த்து, வெளிக்கிட்டு ஒரு மணித்தியாலம்கூட ஆகவில்லை என்றார். தவராசாவுக்கு ஏமாற்றப்பட்டதைப் போலவே இருந்தது.

விமான நிலையத்துக்குள் வரிசையில் நின்றபோது கால் தானாகவே செக்கிங் வரிசையில் நிற்பதைப் போல ஒட்டி நின்றது. அதிகாரி இளைஞர், சிங்களவர், திக்கித் திக்கித் தமிழ் பேசினார். இவருடைய தற்காலிகப் பயணப் பத்திரத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, கொஞ்சம் இருங்கள் என்று அதை எடுத்துக்கொண்டு ஓர் அறைக்குள் போனார். மற்றவர்கள் ஒவ்வொருவராகக் கடந்து போனார்கள். அன்ரன் பொதியைத் தோளில் போட்டுக்கொண்டு, திரும்பிப் பார்த்து, "நான் வெளியில நிண்டு பாக்கட்டோ அண்ணை? ஏதும் உதவி வேணுமெண்டா?" என்று கேட்டார். வேண்டாம் என்று கையைக் காட்டினார் தவராசா. அன்ரன் போன பிறகு, ஏன் வேண்டாமென்றேன் என்று நினைத்தார். உள்ளே என்ன செய்கிறார்கள்? யாருக்குப் போன் போடுகிறார்கள்? இப்படியே பிடித்து வைத்துக்கொண்டால் யாருக்குத் தெரியும்? மலரா தேடி வருவாள்? அவள் வெளியே நிற்கிறாளா என்றே தெரியாது. வாறன் என்று சொன்னதற்கு ம் என்றாள், அவ்வளவுதான். அதிகாரி திரும்பி வந்தார். "கன காலம் இந்தியாவில. கூட்டிப்போக யார் வந்திருக்கிறது ஐயா?" என்றார். "மனைவி" என்றார் தவராசா. மனைவி என்பதையும் இவன் நம்பமாட்டான் என்று காத்திருந்தார். அதிகாரி முத்திரையைக் குத்தி, "போங்க ஐயா" என்று பத்திரத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

வெளிவாசலுக்கு அப்பால், வேப்பமரத்துக்குக் கீழே மலர் நின்றாள். மெலிந்திருந்தாள். தலை முழுக்க நரைத்துவிட்டிருந்தது, அதைத் தொலைபேசியில் அவள் சொல்லவில்லை. ஆனால் நிற்கிற விதம் வேறாக இருந்தது. முகாமில் அவள் ஒரு தோளைச் சற்றுக் குறுக்கிக்கொண்டு நிற்பாள். இப்போது நேராக நின்றாள். கொஞ்சம் தள்ளி ஓர் ஆட்டோ, அதில் சாய்ந்தபடி ஒரு மனிதன். ஐம்பத்தைந்து வயது, சட்டைப்பையில் ஏதோ பெட்டி, சிகரெற்றாக இருக்கலாம். தவராசாவின் கண் முதலில் அங்கேதான் போனது. இவன்தான். ஆட்டோக்காரன் மாதிரி நிற்கிறான்.

"வந்திட்டியளோ" என்றாள் மலர்.

"வந்திட்டன்."

"பிளேன் பயமா இருந்ததோ?"

"இல்லை" என்றார் அந்த மனிதனையே பார்த்துக்கொண்டு. அவன் எப்போது இருமுவான் என்று காத்திருந்தார். அவன் கொட்டாவி விட்டான். பிறகு மலர் சட்டென்று முகத்தைத் திருப்பி, சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு இருமினாள். அடித்தொண்டையிலிருந்து, கரகரத்து, நிறுத்த முடியாமல், முதுகு குலுங்க இருமினாள். தவராசாவின் கையிலிருந்த பை கீழே போனது. இரண்டு வருசமாகத் தூக்கத்தில்கூடக் காதுக்குள் வந்துபோன அதே இருமல்.

"நீயோ?" என்றார்.

"என்ன நானோ?"

"போனில இருமினது."

மலர் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். "வேற ஆர்? அடுப்புப் புகை. விடிய எழும்பி இடியப்பம் அவிக்கிறனெல்லே. இருமல் வந்தா போனைத் தள்ளிப் பிடிப்பன். உடன நீங்கள் ஆர் அங்க, ஆர் அங்க எண்டு கேப்பியள். ஒருக்காவது உனக்கென்ன வருத்தம் எண்டு கேட்டனீங்களோ?"

"நான்தான் இருமினனான் எண்டு நீ ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருக்கலாம்." அவள் ஆட்டோக்காரனுக்குக் கேட்காதபடி குரலைத் தணித்தாள். "முதல் நாள் சொல்லத்தான் வாய் வந்தது. பிறகு யோசிச்சன். ஆரோ ஒருத்தன் இருக்கிறான் எண்டு நீங்கள் நினைச்சா, கோவத்தில வராமல் விட்டிடுவியள் எண்டு நினைச்சன்."

"அப்ப நான் வரக்கூடாதெண்டோ?"

"ஓம்."

வேப்பமரத்தில் காகம் ஒன்று கிளை மாறி இருந்தது. அவர் எதையாவது கேட்டு அதைப் பொய்யாக்கிவிடலாம் என்று தேடினார். "ஆர் அது?" என்றார்.

"ஒருத்தருமில்லை. அம்மாவாணை ஒருத்தருமில்லை. ஆராவது இருந்திருந்தா உங்களுக்கு லேசா இருந்திருக்கும், எனக்குத் தெரியும்." அவள் கோபமாகப் பேசவில்லை. பல நாள் தனக்குள் சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோன சொற்களைப் போல, சிக்கல் இல்லாமல் வந்தன. "குழாயடிக்கு எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம், கடைக்கு எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம். முப்பது வருசம் நான் உங்களுக்குக் கணக்குச் சொன்னனான். வாசல்ல அவங்கள் கேட்டாங்கள், உள்ளுக்க வந்தா நீங்கள் கேட்டியள். அவங்களுக்கு அது உத்தியோகம். உங்களுக்கென்ன? இஞ்ச வந்து, அம்மா செத்து முப்பத்தொண்டாம் நாள் சடங்கும் முடிஞ்ச பிறகு, ஒரு நாள் சந்தைக்குப் போனன். வரேக்க கோயில் கேணிப் படியில சும்மா இருந்தன். எவ்வளவு நேரம் இருந்தன் எண்டு எனக்கே தெரியாது. பிறகு வீட்ட வந்து கதவைத் திறந்தன். ஒருத்தரும் ஒண்டும் கேக்கேல்லை. அண்டைக்கு நல்லா நித்திரை கொண்டன்."

"எனக்குத் திரும்பிப் போக ஏலாது மலர்."

"தெரியும். தெரிஞ்சுதான் வந்து நிக்கிறன். என்ர அண்ணா வீட்டில உங்களுக்கு அறை ஒண்டு ஒழுங்கு செய்திருக்கிறன். மின்விசிறி இருக்கு, தனி வாசல் இருக்கு. சாப்பாடு அனுப்பிவிடுவன். காய்ச்சல் தலைவலி எண்டா வந்து பாப்பன். என்ர வீட்டில வந்து இருக்க வேண்டாம், அதை மட்டும் கேட்டுக்கொள்ளுறன்."

"அண்ணா வீட்டுக்கும் உன்ர வீட்டுக்கும் எவ்வளவு தூரம்?"

கேட்ட பிறகுதான் என்ன கேட்டோம் என்று அவருக்குத் தெரிந்தது. மலரின் தோள் ஒரு கணம், பழையபடி, ஒரு பக்கமாகக் குறுகியது. பிறகு அவள் அதை நிமிர்த்திக்கொண்டாள். "நடக்கிற தூரம்தான்" என்றாள். "நான் கூப்பிட்டா வாங்கோ." குனிந்து அவருடைய பையைத் தூக்கினாள். அவர் கொடு என்று கையை நீட்டினார், கொடுக்கவில்லை.

ஆட்டோ தோட்டங்களுக்கு நடுவே போனது. இரண்டு பக்கமும் செம்மண், வெங்காயப் பாத்திகள், இடிந்த வீடு ஒன்று, அதை அடுத்துப் புதுப் பெயின்ற் பூசிய வீடு ஒன்று, கை வைத்தவன் அவசரக்காரன், ஓரம் சரியாகப் பிடிக்கவில்லை. இரண்டு பேருக்கும் நடுவில் பை இருந்தது. தவராசாவின் மனம் இப்போதும் ஓய்ந்துவிடவில்லை, அவள் சொன்னதை ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டிப் பார்த்தபடியே வந்தது. இருமல் அவளுடையது, அது காதால் கேட்டாயிற்று. கேணிப்படியில் தனியாகவா இருந்தாள்? தனியாக என்று சொன்னாளா, சும்மா என்றுதானே சொன்னாள்? இப்படித்தான் போகும் இது, செத்துப்போகும்வரை போகும், நான் நிறுத்து என்றால் நிற்காது என்று அவர் களைப்போடு நினைத்தார். அப்போது மலரின் கைப்பைக்குள் கைபேசி அடித்தது. எடுத்து யார் என்று பார்த்தாள், முகத்தை வெளிப்பக்கம் திருப்பிக்கொண்டு மெதுவாகப் பேசினாள். "ஓமோம். நாளைக்கு வாறன். இல்லையில்லை, மறக்கமாட்டன்." பிறகு சின்னதாக ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்பை அவர் கேட்டு எத்தனை வருசம் இருக்கும், முகாமுக்கு வந்த புதிதில் கேட்டதுதான். கைபேசியைப் பைக்குள் வைத்துவிட்டு அவள் நேரே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆர் அது? கேள்வி தொண்டைவரை வந்து நின்றது. நாக்கு அதை உருட்டியும் விட்டது. அவள் அவர் பக்கம் திரும்பவில்லை, ஆனால் காத்திருக்கிறாள் என்று அவருக்குத் தெரிந்தது. கேட்டால் சொல்லுவாள், கடைக்காரன் என்பாள், கோயில் ஆள் என்பாள், உண்மையாகவே இருக்கும், அப்படியே அண்ணன் வீட்டு வாசலில் அவரை இறக்கிவிட்டுப் போய்விடுவாள், பிறகு ஒருநாளும் கூப்பிடமாட்டாள். தண்டவாளம் குறுக்கிடும் இடத்தில் கேற் போட்டிருந்தார்கள். ஆட்டோக்காரன் இஞ்சினை நிறுத்தினான். சாரத்தில் கயிறு அறுந்து ஒரு கையால் தொங்கிய நாள்கூட இவ்வளவு பாரமாக இருக்கவில்லை. முழங்காலைக் கையால் இறுகப் பிடித்துக்கொண்டார். ரயில் வந்தது, நீளமாக, மெதுவாக, ஒவ்வொரு பெட்டியாகக் கடந்து போனது. கடைசிப் பெட்டியும் போய், கேற் மேலே எழும்பியது. தவராசா ஒன்றும் கேட்கவில்லை.

ஆட்டோ தண்டவாளத்தில் ஏறி இறங்கியபோது மலர் தன் கைப்பையைத் திறந்து தண்ணீர்ப் போத்தலை எடுத்து, மூடியைத் திருகி, அவரிடம் நீட்டினாள்.